பிரிசில்லாவின் நாற்பத்தொரு பதிவுகள்

பூபாலனுக்குக் காதுதான் பிழைப்பு. திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவன் ஃபிட்டராக இருந்த பனியன் கம்பெனியில் பன்னிரண்டு நிட்டிங் மெஷின்கள் ஒரே கூரைக்குக் கீழே ஓடும். கத்திப் பேசினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும். அந்த இரைச்சலில், ஏழாவது மெஷினில் ஓர் ஊசியின் கொக்கி உடைந்திருக்கிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவான். போய்ப் பார்த்தால் உடைந்திருக்கும். வெளியாட்கள் வந்தால் முதலாளி அவனைக் காட்டி, "நம்ம பூபாலனுக்குக் காதுல கண்ணு இருக்குதுங்க" என்று பெருமை பேசுவார்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு, பக்கத்தில் படுத்திருந்த மனைவியின் குரல் கம்மிக்கொண்டே போனது ஆறு மாதம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் அது அவனுக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். நன்றாகவே கேட்டது. "இந்த ஷிப்மெண்ட் போகட்டும் புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாம்" என்றான். அந்த ஷிப்மெண்ட் போனது, அடுத்தது வந்தது. திருப்பூரில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள், காதுகுத்தைத் தள்ளிப்போடுவார்கள், கப்பலை மட்டும் தள்ளிப்போட மாட்டார்கள். ஊரே செய்கிற தப்புதான். ஆனால் இந்த வீட்டில் அதற்கு விலையாகப் பிரிசில்லாவின் கழுத்து கேட்கப்பட்டது.

பிரிசில்லா அதே கம்பெனியின் செக்கிங் பகுதியில் வேலை பார்த்தவள். தைத்து வந்த பனியன்களை மேஜையில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. கை பனியனைப் பார்க்கும், வாய் கதை சொல்லும். வேலை அலுக்காமல் இருக்க அவள் மேஜைக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பதற்கே பெண்கள் காலையில் சீக்கிரம் வருவார்கள். வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்று மாமியார் கரித்துக்கொட்டிய காலமும் உண்டு.

2005-ஆம் வருஷம் கோயமுத்தூரில் ஒரு டாக்டர் அந்தப் பூட்டைப் போட்டார். குரல்வளையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டால் உயிர் நிற்கும், கழுத்தில் ஓர் ஓட்டை வைத்து அதன் வழியாகத்தான் இனி மூச்சு, பேச்சு வராது என்றார். "ஆறு மாசம் முன்னாடியே வந்திருந்தா வேற வழி பாத்திருக்கலாம்" என்று எழுதுகிற காகிதத்தைவிட்டு நிமிராமலே சொன்னார். பூபாலனுக்கு அந்த ஆறு மாதத்தில் எத்தனை ஷிப்மெண்ட் போனது என்று தெரியும். ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பிரிசில்லா அழவில்லை. அவிநாசி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள், திடீரென்று திரும்பி, கரகரத்த குரலில் கேட்டாள். "ஏனுங்க, நம்ம கெசியா என்னோட சத்தமே தெரியாம வளருவாளாங்க?"

மகள் கெசியாவுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. 'அம்மா', 'பா', 'காக்கா' தவிர வேறு பேச்சில்லை.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் வரப்போகின்றன என்று பேச்சு அடிபட்டபோது, கற்றுவைத்துக்கொண்டால் வேலை நிற்கும் என்று பூபாலன் வாங்கிப் போட்டது. செய்து கொடுத்தவன் இரண்டு தெரு தள்ளி பிரவுசிங் சென்டர் வைத்திருந்த குருசாமி. எங்கெங்கோ கழித்துப்போட்ட பாகங்களைச் சேர்த்து ஒரு பெட்டியாக்கி, தபாலில் இலவசமாக வந்த சிடியைப் போட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். "விண்டோஸ் போட்டா வாரம் ஒரு வைரஸுங்ணா. இதுக்கு ஒண்ணும் வராது. பத்து வருசத்துக்கு அசையாது பாத்துக்குங்க" என்றான். குருசாமிக்கு லினக்ஸ் ஒரு மதம் மாதிரி. மதம் பரப்புகிறவனுக்கு உரிய நம்பிக்கையோடுதான் சொன்னான், பொய் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு மைக்கைச் செருகி, பத்தொன்பது நாளும் பிரிசில்லா பேசினாள். அவர்கள் குடியிருந்தது கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த லைன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள். சாயங்காலம் ஷிப்டு மாறும்போது அரைமணி நேரம் மெஷின்கள் நிற்கும். அந்த அரைமணி நேரம்தான் பதிவுக்கு. கதைகள், சோறு ஊட்டும்போது சொல்கிறவை, தூங்க வைக்கிற பாட்டு, ஜெபம், தப்புச் செய்தால் திட்டுவது, 'பல்லு வெளக்குனியா?' என்று அதட்டுவது. பிறகு பூபாலனை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாகச் சில பேசினாள். பெரியவளானால் கேட்க ஒன்று, கல்யாணத்தன்று கேட்க ஒன்று, அம்மா இல்லாமல் போனால் கேட்க ஒன்று. அவன் கதவுக்கு வெளியே நின்று, பஞ்சு ஒட்டிய சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பான். மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உயிர் நின்றது. பிரிசில்லா கழுத்து ஓட்டையின்மேல் வெள்ளைப் பனியன் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பஞ்சு ஆகாது என்றதால் செக்கிங் வேலை போனது. பஞ்சு உள்ளே வராமலிருக்க ஜன்னலில் எப்போதும் ஓர் ஈரத்துணி தொங்கும். புருஷனைக் கூப்பிட இரண்டு கைத்தட்டு, பிள்ளையைக் கூப்பிட மூன்று. மற்றதெல்லாம் கையும் உதடும், அவசரத்துக்கு ஒரு பென்சிலும்.

கெசியா பெட்டியில் பேசும் அம்மாவிடம் வளர்ந்தாள். பல் விளக்க மாட்டேன் என்றால் பூபாலன் அந்த அதட்டலை ஓடவிடுவான், விளக்கிவிடுவாள். இரண்டரை வயதில் அவள் கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு இதுதான்: நமக்கு இரண்டு அம்மா. ஒன்று சோறு போடுகிற அம்மா, இன்னொன்று பேசுகிற அம்மா. "பேசற அம்மா போடுப்பா" என்று கேட்பாள். அப்போதெல்லாம் பிரிசில்லா அடுப்படிக்குப் போய்விடுவாள். தன் குரலுக்கே சக்களத்தியாக இருப்பது எப்படியிருக்கும் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"ஒரு தடவை எங்கடைக்குத் தூக்கிட்டு வாங்ணா, அத்தனையும் சிடில அடிச்சுக் குடுத்தர்றேன்" என்று குருசாமி பார்க்கும்போதெல்லாம் சொல்வான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பூபாலன் சொன்ன பதில் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே ஷிப்மெண்ட்தான். பட்டும் புத்தி வராதவனை எந்தக் கழியால் அடிப்பது?

2007-இல் ஆயுத பூஜை வந்தது. பூபாலன் குடும்பம் மூன்று தலைமுறையாக சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இருந்தாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களைச் சுத்தம் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தொழிலில் பாதி பஞ்சோடு சண்டை போடுவதுதான். கம்ப்ரசரிலிருந்து வரும் ஏர் பைப்பைப் பிடித்து அடித்தால் ஊசிக்கிடையில் அடைந்த பஞ்செல்லாம் மேகம் மாதிரி கிளம்பும். அதிலும் ஒரு முறை உண்டு. மெஷினை நிறுத்திவிட்டு அடிக்கக் கூடாது. நின்ற மெஷினில் பஞ்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், ஓடுகிற மெஷின்தான் பஞ்சைத் தானே கக்கும். பதினைந்து வருஷமாகப் பூபாலன் இதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அன்று காலையில் பன்னிரண்டு மெஷினையும் முடித்தவனுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரின் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகப் பெட்டி சூடாகிறது, காற்றாடி முனகுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை பஞ்சு இருந்தால் இந்தப் பக்கம் எவ்வளவு வந்திருக்கும்? ஏர் பைப்பை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தான். கெசியா பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் அழுவாள். நிறுத்தவும் வேண்டியதில்லை, ஓடும்போது அடிப்பதுதானே முறை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பைப்பின் வாயை உள்ளே காட்டி அழுத்தினான்.

மழைக்காலத்துக் கம்ப்ரசர். தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு கலந்து சீறிக்கொண்டு போனது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம். பேசிக்கொண்டிருந்த பிரிசில்லா ஒரு வார்த்தையின் நடுவில் நின்றாள். திரை கறுத்தது. கருகிய வாடை வந்தது. கெசியா அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "பேசற அம்மா எங்கப்பா?" என்றாள்.

குருசாமி பூஜை லீவுக்கு மாமனார் வீட்டுக்குத் தாராபுரம் போயிருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலே மாறிவிட்டது. "எதையும் தொடாதீங்ணா. செவ்வாக்கெழம வந்தர்றேன். அது வரைக்கும் சுச்சுப் போடவே போடாதீங்க" என்றான். பூபாலனும் சரி என்றான். ஆனால் நின்ற மெஷினைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் சும்மா உட்கார அவன் கைக்குத் தெரியாது. நூல் அறுந்தால் மெஷின் தானாக நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். நூலை முடிந்து பட்டனை அழுத்தினால் ஓடும். மறுபடி நின்றால் மறுபடி முடிந்து மறுபடி அழுத்து. அவன் படித்த படிப்பெல்லாம் அதுதான்.

காதர்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் பழைய பவர் சப்ளை வாங்கி வந்து மாட்டினான். பெட்டிக்கு உயிர் வந்தது. அந்த நிமிஷம் அவன் தரையில் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னான். திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. பாதியில் நின்றன. உள்ளே டக், டக், டக் என்று ஒரு சத்தம். அணைத்துவிட்டுப் போட்டான். அதே இடம், அதே டக் டக். அணைத்தான், போட்டான். சனிக்கிழமை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல், அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். பிரிசில்லா கை தட்டிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. வேண்டாம் என்று தோளைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா இரு புள்ள" என்று எரிந்து விழுந்தான். சும்மா இருப்பதைத் தவிர அவளால் வேறென்ன முடியும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

திங்கட்கிழமை திரை ஒரு கேள்வி கேட்டது. ஆங்கிலம் முழுக்கப் புரியவில்லை. ஏதோ சரி செய்யட்டுமா என்கிறது, ஒய் அடித்தால் ஆமாம் என்று மட்டும் தெரிந்தது. முதலாளி எது கேட்டாலும் ஆமாங்க சொல்லிப் பழகியவன் அவன். ஒய் அடித்தான். அடுத்த கேள்வி வந்தது. ஒய். அடுத்தது. ஒய். ஒரு மணி நேரத்துக்குமேல் நூற்றுக்கணக்கான ஆமாம் சொன்னான். ஒவ்வொன்றும் அவள் குரலை ஒரு படி மேலே தூக்குகிறது என்று நம்பினான். கடைசியில் கேள்விகள் நின்றன. டக் டக் சத்தமும் நின்று, அரத்தால் ராவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உலோகம் உலோகத்தைத் தின்னுகிற சத்தம். பிளக்கைப் பிடுங்கினான்.

செவ்வாய்க்கிழமை காலையில் குருசாமி பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நேராக வந்தான். கேட்ட முதல் கேள்வி, "எத்தன தடவ போட்டீங்ணா?"

பிரிசில்லா பென்சிலை எடுத்து, காகிதத்தில், 'கணக்கில்ல' என்று எழுதிக் காட்டினாள்.

குருசாமி தலையில் கை வைத்துக்கொண்டான். சிடியிலிருந்தே ஓடுகிற லினக்ஸைப் போட்டு, தான் கொண்டுவந்த இன்னொரு டிஸ்க்குக்கு, எடுக்க முடிந்ததை எடுக்க ஆரம்பித்தான். திரும்பத் திரும்ப முயன்று, விட்ட இடத்தில் பிடித்து, பெட்டியைத் தன் கடைக்கு எடுத்துப் போய் மின்விசிறிக்கு அடியில் வைத்து, நான்கு நாள் போராடினான். நடுவில் ஒரு நாள் பூபாலன் கடைக்குப் போனபோது அவன் புரியும்படி சொன்னான். "குடோன்ல துணி ரோலெல்லாம் அடுக்கியிருக்குதுன்னு வச்சுக்குங்ணா. ஒவ்வொண்ணுலயும் எது எதுன்னு லாட் சீட்டு ஒட்டியிருக்குது. நீங்க ஆமா ஆமான்னு அடிச்சதுல சீட்டையெல்லாம் கிழிச்சு, ரோலையெல்லாம் ஒரே மூலைல கொட்டிப்போட்டுது. அதுகூடப் பரவால்லீங்க, ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்துக்கலாம். ஆனா சுச்சுப் போட்டுப் போட்டு ரோலே பாதி கிழிஞ்சு போச்சுங்ணா."

"எதாச்சும் வருமா குருசாமி?"

"எனக்குத் தெரியலீங்ணா."

பூபாலன் அன்று வீட்டுக்குப் போகவில்லை. ஷெட்டின் பின்பக்கம், கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கிடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மெஷின் ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரலை முதல் தடவை தள்ளிப்போட்டுத் தொலைத்தான். இரண்டாம் தடவை இரண்டு கையாலும் பிடித்து நெரித்தான். டாக்டரைக் குறை சொல்ல முடியாது, லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. கடவுளைக் குறை சொல்லலாம் என்று பார்த்தால், அவரும் பத்தொன்பது நாள் கொடுத்துத்தான் இருந்தார்.

மறுநாள் பிரிசில்லாவிடம் ஒரு யோசனை சொன்னான். தனியாகப் பேசிய அந்த மூன்றையாவது அவள் எழுதி வைத்துவிட்டால் என்ன? நினைவிருக்குமே. அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். 'அப்ப சாகப்போறம்னு நெனச்சுப் பேசுனது. இப்ப எழுதினா அது வராதுங்க.' பென்சிலைக் கீழே வைத்தவள், மறுபடி எடுத்து, 'ங்க' என்பதை மட்டும் அழுத்தி ஒரு தடவை தீட்டினாள். கோபமா, தேற்றுகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச் முடிந்து அவர்கள் வந்த நேரம், குருசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு தெரு நடந்துதான் வந்தான். மேஜையில் வைத்து ஸ்பீக்கரை மாட்டினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஆயிரத்துச் சொச்சம் துண்டு கெடச்சுதுங்ணா. எதுக்கும் பேரில்ல, வெறும் நம்பரு. அத்தனையும் தொறந்து பாத்தேன். பேசறதுன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுவும் ஆறேழு செகண்டு. முன்னாடி இருக்கறது மட்டும் வந்துது, மிச்சம் போச்சுங்க."

நாற்பத்தொன்றில் ஒன்று. அதில் ஆறேழு செகண்டு. ஒரு வாக்கியமாவது இருக்கும் என்று பூபாலன் மனசுக்குள் பிச்சை கேட்டான். ஒரு 'கண்ணு' போதும். பிரிசில்லா கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. கெசியா தன் வழக்கமான இடத்தில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

குருசாமி ஓடவிட்டான். முதலில் மைக்கின் இரைச்சல். பிறகு ஓர் ஆண்குரல், அதட்டலும் அவசரமுமாக. "ம், மெஷின் நின்னுருச்சு. இப்பப் பேசு புள்ள." அது பூபாலன். அதற்குப் பிறகு, பேச ஆரம்பிக்கிறவர்கள் மூக்கால் இழுக்கிற ஒரு மூச்சு. அங்கேயே அறுந்துபோனது.

கெசியா கொஞ்சநேரம் காத்திருந்தாள்.

"இது அப்பா," என்றாள். "பேசற அம்மா எங்க?"

பூபாலன் கையை நீட்டித் தானே மறுபடி ஓடவிட்டான். தன் குரல், ஒரு மூச்சு, வெறுமை. மறுபடி. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, குருசாமி சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் பேசியதெல்லாம் போய், அவளைப் பேசச் சொன்னது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதற்கு ஒன்றுமே மிஞ்சாமல் இருந்திருக்கலாம் என்று பூபாலன் நினைத்தான். ஆனாலும் அவன் கை அதை நிறுத்தவில்லை.

அப்போது பிரிசில்லா கதவை விட்டு வந்தாள். மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஸ்பீக்கரில் 'இப்பப் பேசு புள்ள' என்றது. மூச்சு இழுத்தது. அது அறுந்த இடத்தில் பிரிசில்லாவின் உதடுகள் அசையத் தொடங்கின. அன்றைக்குப் பேசியது அவளுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. கை ஆட்டவில்லை, ஜாடை காட்டவில்லை. வாய் நிறைய, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

கெசியா அந்த உதடுகளையே கண் கொட்டாமல் பார்த்தாள். சோறு போடுகிற அம்மாவிடம் இப்படி அவள் பார்த்ததே இல்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். ஏதோ புரிந்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்து, இன்னும் கிட்டே நகர்ந்து, அம்மாவின் வாய்க்கு அருகில் காதை வைத்தாள்.

"சத்தமாச் சொல்லும்மா," என்றாள்.

பிரிசில்லா வாயை இன்னும் பெரிதாகத் திறந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.